கருவி காத்திருந்த காலம்

ஒரு தொழிலுக்கு வேண்டிய அளவுகருவி உலகில் பிறந்துவிட்டால், அந்தத் தொழில் உடனே அதை ஏற்றுக்கொண்டுவிடும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் தொழிலின் சரித்திரத்தைச் சற்றே நிதானமாகப் பார்த்தால், அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். பற்றவைப்புக்கு வேண்டிய உஷ்ணத்தைக் காட்டிலும் பல மடங்கு உஷ்ணத்தை அளக்கவல்ல, இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து அமைந்த தெர்மோகப்பிள் 1886ஆம் ஆண்டிலேயே நம்பத்தக்க உபகரணமாக உருப்பெற்றுவிட்டது. அதை மலிவாக்கிய உலோகக் கலவைக்கு 1906ஆம் ஆண்டில் காப்புரிமையும் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும், சால்டரிங் அயர்னின் நுனி இத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்று எண்ணால் நிர்ணயித்து, அதைக் கட்டுக்குள் வைக்கும் பழக்கம் பட்டறைகளில் பரவுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் விஞ்ஞானத்தின் குறையும் அன்று, தொழிலாளியின் அறியாமையும் அன்று. அப்படி ஓர் எண் யாருக்கும் அதுவரை தேவைப்படவில்லை என்பதே உண்மை.

ஈயப் பற்றவைப்பு மிகத் தொன்மையான தொழில். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் உயிர் நீத்த ரோமாபுரி அறிஞர் பிளினி, இரண்டு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்த கலவையால் குழாய்களை இணைத்த வழக்கத்தைத் தமது இயற்கை வரலாற்று நூலில் குறிப்பிட்டிருக்கிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஐரோப்பாவின் குழாய்த் தொழிலாளர் கையாண்ட கலவையும் ஏறக்குறைய அதுவேதான். அந்தக் கலவைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. 183 டிகிரியில் இளகத் தொடங்கும் அது, ஏறத்தாழ 250 டிகிரியை எட்டிய பிறகே முழுவதும் நீராகிறது. இடைப்பட்ட தூரம் முழுவதும் கூழாகவே நிற்கிறது. அந்தக் கூழ் நிலையில் அதைத் துணியால் வழித்து, குழாயின் மூட்டைச் சுற்றி உருண்டையாகப் படிய வைப்பதில்தான் தொழிலாளியின் கைத்திறன் இருந்தது. ஐந்து பத்து டிகிரி கூடினாலும் குறைந்தாலும் வேலை கெடாத அளவுக்குக் கலவையே இடம் கொடுத்ததால், டிகிரி என்ற ஒன்றைப் பற்றி அவன் நினைக்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

அவன் கையிலிருந்த கருவியோ மிக எளியது. மரப்பிடி போட்ட இரும்புக் கம்பியின் முனையில் கூம்பாக அடித்த செம்புக் கட்டி ஒன்று இருக்கும். அதைக் கரி அடுப்பிலோ வாயுச் சுடரிலோ காய வைத்து எடுத்து, ஆறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். காய்ந்ததா இல்லையா என்பதை அறிய அவனுக்குப் பல வழிகள் தெரிந்திருந்தன: கட்டியைச் சூழ்ந்த சுடரின் ஓரம் பச்சை நிறம் காட்டினால் செம்பு போதிய சூடேறிவிட்டது என்று பொருள், கன்னத்துக்குச் சற்று அருகில் கொண்டுவந்தால் அனலின் தரம் தெரியும், நவச்சாரக் கட்டியில் நுனியைத் தேய்த்தால் வெண்புகை எழுவதோடு, செம்பு துலக்கம் பெற்று ஈயத்தை ஏற்கும். கவனப்பிசகாக விட்டுக் கட்டி சிவந்துவிட்டாலோ, நுனியில் பூசியிருந்த ஈயம் கருகிப்போகும். பிறகு அரத்தால் ராவி, நவச்சாரத்தில் தேய்த்து, மறுபடி ஈயம் பூசி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த உழைப்பே அவனுக்கு உஷ்ணத்தின் மேல் எல்லையைக் கற்பித்தது. ஈயக்கம்பி உருகாமல் ஒட்டி நிற்பது கீழ் எல்லையைக் கற்பித்தது.

பட்டறைகளுக்கு வெகு தொலைவில், வேறொரு துறையில், வேறொரு நோக்கத்துடன் நடந்த ஆராய்ச்சியில்தான் தெர்மோகப்பிள் பிறந்தது. 1794ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா, ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையை மட்டும் கொதிநீரில் சூடாக்கிப் பிரயோகித்தபோது தவளையின் தசை துடிப்பதைக் கண்டார். எனினும் அந்த விஷயத்தை அவர் வெகுதூரம் தொடரவில்லை. 1821ஆம் ஆண்டில் பெர்லின் நகரில், இன்று எஸ்டோனியாவின் தலைநகராக விளங்கும் தாலின் நகரில் பிறந்தவரான தாமஸ் யோஹான் சீபெக், பிஸ்மத்தையும் செம்பையும் வளையமாக இணைத்து, நடுவே திசைகாட்டியின் காந்த ஊசியை வைத்துப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். இணைப்பை விரலால் அழுத்திய போதெல்லாம் ஊசி விலகியது. விரலின் ஈரம் காரணமாக இருக்குமோ என்பது போன்ற சந்தேகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கிய பின்னர், விரலின் சூடுதான் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆயினும் வளையத்தில் மின்சாரம் ஓடுகிறது என்பதை அவர் கடைசிவரை மனமுவந்து ஒப்பவில்லை. உஷ்ண வித்தியாசத்தால் உலோகத்தில் காந்தம் உண்டாகிறது என்றே கருதி, துருவங்களுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள உஷ்ண பேதமே பூமியின் காந்தத்துக்கும் காரணமாகலாம் என்று ஊகித்தார். உஷ்ண மின்சாரம் என்ற பெயரை அதற்குச் சூட்டியவர் டென்மார்க்கின் எர்ஸ்டெட்.

புதிய நிகழ்ச்சியின் காரணத்தைக் குறித்து அபிப்பிராய பேதம் இருந்தபோதிலும், அதன் பயன் விரைவில் தெரியலாயிற்று. 1826ஆம் ஆண்டில் கேயார்க் ஓம், மின்கலங்களின் சக்தி நிலையாக நில்லாமல் தம் பரீட்சைகளைக் குலைத்துவந்ததைக் கண்டு, பிஸ்மத்–செம்பு இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்துக் கிடைத்த சலனமற்ற மின்சாரத்தைக் கொண்டே தமது புகழ்பெற்ற விதியை நிறுவினார். அதே ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கெரல், இந்த மின்சாரத்தால் உயர்ந்த உஷ்ணங்களை அளக்கலாம் என்ற யோசனையை வெளியிட்டார். ஆனால் அளவியலில் பெரும் பிரமாணமாக மதிக்கப்பட்ட ரெஞ்ஞோ 1840களில் இம்முறையைச் சோதித்துவிட்டு, இது நம்பத்தகாதது என்று தீர்ப்பளித்தார். குறை முறையில் இல்லை, கம்பியில் இருந்தது. ஒரே கம்பியின் ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் கலவை சிறிதே வேறுபட்டாலும் போதும், இணைப்பு எதுவுமில்லாத நடுக்கம்பியிலேயே பொய்யான மின்னழுத்தம் பிறந்துவிடும் என்ற சூட்சுமம் அப்போது தெளிவாகவில்லை.

அந்தப் பழியைத் துடைத்தவர் ஹென்றி ல ஷாத்தெலியே. சூளைகளின் உஷ்ணத்தை அறிய விரும்பிய இந்தப் பிரெஞ்சு ரசாயன அறிஞர், 1886ஆம் ஆண்டில் தூய பிளாட்டினக் கம்பியையும், பத்தில் ஒரு பங்கு ரோடியம் கலந்த பிளாட்டினக் கம்பியையும் இணைத்தார். உருகுநிலை முன்னரே தெரிந்த உலோகங்களை உருக்கி, ஒவ்வொன்றும் உருகும் கணத்தில் தோன்றிய மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட உஷ்ணங்களைக் கணித்தார். 1927ஆம் ஆண்டின் சர்வதேச உஷ்ண அளவுகோலில், தங்கத்தின் உருகுநிலையை ஒட்டிய மேல் பகுதிக்கு இந்த இணையே பிரமாணக் கருவியாகி, 1990ஆம் ஆண்டுவரை அந்த ஸ்தானத்தை வகித்தது. இங்கே ஒன்றை நினைவில் இருத்த வேண்டும்: தெர்மோகப்பிள் அளப்பது உஷ்ணத்தை அன்று, இரு முனைகளுக்கு இடையேயுள்ள உஷ்ண வித்தியாசத்தை. சூடான முனையில் மின்சாரம் ஊறுவதில்லை. சூட்டிலிருந்து குளிர்ச்சிக்குச் செல்லும் கம்பியின் நீளம் முழுவதிலும் அது சிறுகச் சிறுகச் சேர்கிறது. குளிர்ந்த முனையின் நிலை தெரியாவிட்டால், கிடைத்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பிளாட்டினம் ஆராய்ச்சிசாலைக்கு ஏற்றது. பட்டறைக்கு அது கட்டுபடியாகாது. 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல்–குரோமியக் கலவை அந்த இடைஞ்சலை நீக்கிற்று. சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் எளிதில் துருப்பிடித்து உதிராத இக்கலவை இருவகையில் பயன்பட்டது. ஐந்தில் நான்கு பங்கு நிக்கலாக அமைந்த வகை, மின் அடுப்புகளிலும் சால்டரிங் அயர்ன்களிலும் சூடேற்றும் சுருளாகியது. பத்தில் ஒன்பது பங்கு நிக்கலாக அமைந்த வகை, குரோமெல் என்ற பெயரில், அலுமெல் என்ற மற்றொரு நிக்கல் கலவையுடன் இணைந்து இன்று கே வகை என்று உலகெங்கும் வழங்கும் தெர்மோகப்பிளாகியது. நெருப்பை உண்டாக்கும் கம்பியும் நெருப்பை அளக்கும் கம்பியும் இவ்வாறு ஒரே குலத்தில் பிறந்தும், சால்டரிங் அயர்னுக்குள் அவை ஒன்றுசேர நெடுங்காலம் பிடித்தது.

மின்சாரத்தால் சூடாகும் அயர்னை டெட்ராய்ட் நகரின் அமெரிக்கன் எலெக்ட்ரிகல் ஹீட்டர் கம்பெனி போன்ற ஆலைகள் முன்னரே செய்துவந்தன. 1921ஆம் ஆண்டில் பெர்லினில் எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் தொடங்கிய எர்ஸா நிறுவனம் அதை ஆலைகளுக்கான நிலையான உபகரணமாக்கியது. அந்த அயர்ன்களில் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவுமில்லை. சுருள் தரும் சூடும், காற்றில் இழக்கும் சூடும் சமமாகும் வரை நுனி காய்ந்துகொண்டே போகும். தாங்கியில் சும்மா கிடந்தால் மிகையாகக் காயும், தடித்த உலோகத்தைத் தொட்டால் சட்டென்று இறங்கும். உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைப்பதால் நுனி குழிந்து தேயும். அந்தத் தேய்மானத்தைக் குறைக்கவே இங்கிலாந்தின் மல்டிகோர் நிறுவனம் ஈயத்திலேயே சிறிது செம்பைக் கலந்து ஸாவ்பிட் என்ற பெயரில் விற்றது. இருப்பினும் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வால்வு ரேடியோவின் தகட்டுச் சட்டமும், தடித்த முனைகளும், பருத்த கம்பிகளும் ஐம்பது டிகிரி கூடினாலும் பொறுத்துக்கொண்டன. இணைப்பின் நன்மை தீமையை அதைச் செய்தவனே பார்த்துத் தீர்மானித்துக்கொண்டான்.

இந்த அமைதியைக் குலைத்தவை இரண்டு. முதலாவது, பொருள்கள் சிறுத்துப்போனது. 1947ஆம் ஆண்டின் இறுதியில் பெல் ஆராய்ச்சிசாலையில் தோன்றிய டிரான்சிஸ்டர், ஜெர்மானியம் என்ற மூலகத்தால் ஆன தன் முதற்பருவத்தில், சூட்டைச் சற்றும் சகியாததாக இருந்தது; அதன் காலை ஒரு குறடால் பிடித்து, ஏறிவரும் சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும்படி செய்துகொண்டே ஈயம் வைக்க வேண்டியிருந்தது. அச்சிட்ட சர்க்யூட் பலகையிலோ, மெல்லிய செம்புத் தகடு பசையால்தான் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சூடு மிகுந்தால் தகடு உரிந்து கையோடு வந்துவிடும். இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது: இணைப்பைச் செய்பவனும் அதற்குப் பொறுப்பேற்பவனும் வெவ்வேறு மனிதர்களாகிவிட்டார்கள். ராக்கெட்டில் ஏறிச் செல்லும் பெட்டியினுள்ளே ஆயிரக்கணக்கான இணைப்புகளில் ஒன்று பழுதானாலும் திரும்பச் சென்று திருத்த இயலாது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா, கையால் பற்றவைக்கும் மின் இணைப்புகளுக்கென்றே தனித் தர விதிகளை வெளியிட்டது. பச்சைச் சுடரும் கன்னத்து அனலும் செய்பவனுக்குப் போதுமான அறிவுதான். ஆனால் அவற்றைத் தாளில் எழுதி, முகமறியாத மேற்பார்வையாளருக்கு அனுப்ப முடியாது. அதற்கு எண் வேண்டும்.

விந்தை என்னவென்றால், இத்தேவைக்குக் கிடைத்த புகழ்பெற்ற விடைகளுள் ஒன்று அளவுகருவியே இல்லாத விடை. இரும்பு போன்ற காந்த உலோகங்கள் ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்தில் காந்த குணத்தை இழக்கின்றன என்பதை 1895ஆம் ஆண்டில் பியர் கியூரி விரிவாக ஆராய்ந்து காட்டியிருந்தார். அமெரிக்காவின் வெல்லர் நிறுவனம் தன் மாக்னாஸ்டாட் அயர்னில், நுனியின் பின்புறத்தில் ஒரு காந்த உலோகத் துண்டைப் பதித்தது. நுனி ஆறியிருக்கும்போது கைப்பிடிக்குள் உள்ள நிலைகாந்தம் அத்துண்டால் ஈர்க்கப்பட்டு முன்னே நகர்ந்து சுவிட்சை மூடும். குறித்த உஷ்ணம் எட்டியதும் துண்டு காந்த குணத்தை இழக்க, சுருள்வில் காந்தத்தைப் பின்னே இழுத்துச் சுவிட்சைத் திறந்துவிடும். வேலை செய்பவன் கைக்குள் அவ்வப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். நுனியின் அடியில் 6, 7, 8 என்று பொறித்திருக்கும் இலக்கங்கள் முறையே 600, 700, 800 பாரன்ஹீட் டிகிரியைக் குறிக்கும். 7 என்பது ஏறத்தாழ 370 செல்சியஸ் டிகிரி. உஷ்ணத்தை மாற்ற வேண்டுமானால் நுனியையே கழற்றி மாற்ற வேண்டும். எண் இருந்தது, ஆனால் அது அளந்து கிடைத்த எண் அன்று, உலோகத்தோடு பிறந்த எண்.

அளக்கும் வழியை மேற்கொண்ட அயர்ன்களில், உணரியைச் சூடேற்றும் சுருளின் அருகே பொதிந்தார்கள். சிலவற்றில் அது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் கம்பி, சிலவற்றில் தெர்மோகப்பிள். நுனியோ தனித் துண்டாக, உறைபோல் இதன்மேல் செருகப்படுவது. உறைக்கும் உள்ளிருக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய காற்றிடைவெளி ஒன்று தவிர்க்க முடியாமல் நிற்கும். நாளடைவில் அங்கே களிம்பும் சேரும். கே வகைத் தெர்மோகப்பிள் 350 டிகிரியில் தருவது சுமார் 14.3 மில்லிவோல்ட், அதாவது ஒரு டார்ச் செல்லின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு. அந்த நுண்ணிய அழுத்தத்தைப் பிழையின்றிப் படிக்க யந்திரம் கற்றுக்கொண்டது. ஆனால் எந்தத் தெர்மோகப்பிளும் தான் இருக்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். உலை கொதிக்கிறதா என்று அடுக்களை வாசலில் நின்றபடி கேட்பதற்கு ஒப்பாக, நுனி தடித்த செம்பைத் தொட்டு ஐம்பது டிகிரி இறங்கிவிட்ட பிறகும், உள்ளே இருந்த உணரி எல்லாம் க்ஷேமம் என்றே அறிவித்துக்கொண்டிருந்தது. பிந்தைய பல பத்தாண்டுகளின் முயற்சிகளில் பெரும்பகுதி, இந்தச் சில மில்லிமீட்டர் தூரத்தைக் குறைப்பதற்கே செலவாயிற்று என்று சொல்லலாம்.

அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் ஒழித்தது கார்ட்ரிட்ஜ் நுனி. ஓசாகா நகரின் ஹாக்கோ, பார்சிலோனாவின் ஜேபிசி முதலிய நிறுவனங்கள் சூடேற்றும் சுருளையும் தெர்மோகப்பிளையும் நுனிக்குள்ளேயே, அதன் முகத்துக்கு மிக அருகில், ஒரே குச்சியாக வார்த்துவிட்டன. ஹாக்கோவின் டி12 வகையில் சுருளும் தெர்மோகப்பிளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் இணைந்திருக்கின்றன. 24 வோல்ட் மின்சாரம் செல்லும் அதே இரு முனைகளின் வழியாகத்தான் சில மில்லிவோல்ட் செய்தியும் வெளியே வர வேண்டும். சூடேற்றும் மின்சாரம் ஓடும்போது அச்செய்தி அதில் மூழ்கிப்போகும். ஆகையால் யந்திரம் கணந்தோறும் மின்சாரத்தைத் துண்டித்து, அழுத்தம் அடங்கும் வரை சிறிது பொறுத்து, அந்த இடைவெளியில் தெர்மோகப்பிளைப் படித்து, மறுபடி மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. கைப்பிடி வேலையின்போது பதினைந்து டிகிரி வெதுவெதுப்படைந்தால், குளிர்முனை சூடேறியதால் வித்தியாசம் குறையும். யந்திரம் அதை நுனி ஆறிவிட்டதாகக் கொண்டு மேலும் காய்ச்சும். இதைத் திருத்தவே சில கைப்பிடிகளுக்குள், குளிர்முனையின் சூட்டைத் தனியே அளக்கும் ஒரு சிறு தெர்மிஸ்டரை வைத்திருக்கிறார்கள்.

உள்ளிருக்கும் உணரியின் வாக்கை வெளியிலிருந்து சரிபார்க்கும் கலையும் இதனுடன் வளர்ந்தது. ஹாக்கோவின் எஃப்ஜி-100 போன்ற நுனி உஷ்ணமானிகளில், மிக மெல்லிய கே வகைக் கம்பிகள் ஒரு சிறு உலோகப் பொட்டில் வந்து சேர்கின்றன. நுனியில் புது ஈயத்தை உருக்கி, அந்த ஈயத் துளி பொட்டின் மீது படியும்படி வைத்தால்தான் அளவு சரியாக ஏறும். காய்ந்த நுனியைச் சும்மா வைத்தால் தொடும் பரப்பு மிகக் குறைவாகி, எண் தாழ்ந்தே நிற்கும். உருகிய ஈயம் மூன்றாவது உலோகமாக நடுவே புகுந்தால் அளவு கெடாதா என்ற கேள்வி எழலாம். இரு பக்கமும் ஒரே உஷ்ணத்தில் இருக்கும் வரை நடுவே புகுந்த உலோகம் அழுத்தத்தை மாற்றாது என்பது தெர்மோகப்பிளின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கம்பி மெல்லியதாக இருப்பதற்கும் காரணம் உண்டு: தடித்த கம்பியைத் தொட வைத்தால் அது நுனியின் சூட்டையே உறிஞ்சி எடுத்துச் சென்று, தானே கெடுத்த உஷ்ணத்தைத் தானே அளந்து சொல்லும். அதனுடன் கே வகைக்கு இயற்கையாகவே ஒரு சபலமும் உண்டு. சுமார் 250 முதல் 550 டிகிரி வரையில் குரோமெலின் அணுக்கள் தம் வரிசையை மெல்ல மாற்றிக்கொள்வதால், ஏறும்போது காட்டிய எண்ணும் இறங்கும்போது காட்டும் எண்ணும் சில டிகிரி வேறுபடலாம்; பற்றவைப்பின் உஷ்ணமோ அந்த எல்லைக்குள்ளேயே விழுகிறது. இவ்வகைக் குறைகளைத் தீர்க்கவே ஆஸ்திரேலியாவில் நோயல் பர்லி என்பவர் ‘என்’ (N) வகைத் தெர்மோகப்பிளை உருவாக்கினார். கருவியின் மேல் ஐயம் பிறந்தால் ல ஷாத்தெலியே காட்டிய வழியே இன்றும் துணை: தூய வெள்ளீயம் 231.9 டிகிரியிலும் துத்தநாகம் 419.5 டிகிரியிலும் உறைவது மாறாது.

2006ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குப் பெரும்பாலும் தடை வந்தபோது, எண்ணின் தேவை மேற்பார்வையாளரிடமிருந்து தொழிலாளியின் கைக்கே இறங்கிவந்தது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கொண்ட பழைய கலவை 183 டிகிரியில் உருகியது. வெள்ளி 3 சதவீதமும் செம்பு அரை சதவீதமும் கலந்த வெள்ளீயம் 217 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்குகிறது. பலகை தாங்கும் உஷ்ணமோ அதற்கேற்ப உயர்ந்துவிடவில்லை. செம்பு நுனியைக் காக்கப் பூசிய இரும்புப் பூச்சை, வெள்ளீயம் மிகுந்த புதுக் கலவை வேகமாக அரிக்கிறது. சூடு கூடக் கூட அரிப்பும் கூடுகிறது. மேல் எல்லையும் கீழ் எல்லையும் நெருங்கிவந்த இந்தக் குறுகிய இடத்தில், கன்னத்து அனலை நம்பி வேலை செய்வது நுனிக்கும் பலகைக்கும் கேடு.

எனினும் எண் ஒன்றே போதும் என்று கருதுவோர் ஒரு விஷயத்தை விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். தெர்மோகப்பிள் சொல்வது உஷ்ணத்தின் உயரத்தை மட்டுமே. அந்த உயரத்தில் எவ்வளவு சூடு கைவசம் இருக்கிறது, அது எத்தனை வேகமாக இணைப்புக்குள் பாயும் என்பதை அது சொல்லாது. ஊசி போன்ற நுனியும் உளி போன்ற நுனியும் 350 டிகிரியில் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் பலகையின் அகன்ற தரையிணைப்பில் ஊசிநுனி ஈயத்தைக் குருணையாக நிறுத்திவிடும், உளிநுனி தொட்டவுடன் ஓடவிடும். அனுபவமில்லாதவன் அங்கே குமிழைத் திருப்பி 420க்குப் போகிறான். அனுபவசாலி எண்ணை 350லேயே விட்டுவிட்டு, ஊசிநுனியைக் கழற்றி, உளிநுனியை மாட்டிக்கொள்கிறான்.